சென்னை – டொராண்டோ விமானப் பயணம்: தூரம், நேரம், இணைப்பு விமானங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், முதல் முறை படிக்கப் போகும் மாணவர்கள், விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பும் குடும்பங்கள் என்று இந்தத் தடத்தில் ஆண்டு முழுவதும் கூட்டம் இருக்கிறது. அவர்கள் அதிகம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். ஈழத் தமிழர் எழுத்தில் ‘ரொறன்ரோ’ என்று வருவதும் இதே ஊர்தான்.

சென்னையிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே பூமியின் மேற்பரப்பை ஒட்டிய மிகக் குறுகிய பாதை சுமார் 13,400 கி.மீ. கடல் மைலில் சொன்னால் ஏறத்தாழ 7,230. இது கணக்கு மட்டுமே. விமானம் உண்மையில் பறக்கும் தூரம் எப்போதும் இதைவிடக் கூடும். எந்த ஊர் வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து 14,000 கி.மீ. முதல் 16,000 கி.மீ.க்கு மேலும் ஆகலாம்.

டிக்கெட்டில் சென்னை ‘எம்.ஏ.ஏ.’ என்றும் (பழைய மெட்ராஸ் பெயரின் மிச்சம்), டொராண்டோ பியர்சன் நிலையம் ‘ஒய்.ஒய்.இசட்.’ என்றும் இருக்கும். பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இவையே வரும். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வரைபடத்தில் மேற்கே இருக்கிறது. அப்படியிருக்க விமானம் ஏன் வடக்கே போகிறது?

சுவரில் மாட்டிய வரைபடம் உருண்டையைத் தட்டையாக்கியது. அதில் நேர்கோடு போட்டால் வருவது குறுகிய வழி அல்ல. ஒரு பூகோள உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் சென்னையில் தொடங்கி, ஹைதராபாத்துக்குச் சற்றுக் கிழக்கே போய், ராஜஸ்தான், பாகிஸ்தான், தஜிகிஸ்தான், கஜகஸ்தான் தாண்டி, ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கம் ஏறி, நார்வேயின் வடகிழக்கு முனையைத் தொட்டு, கிரீன்லாந்தின் மேல் வளைந்து, கியூபெக் வழியே டொராண்டோவில் இறங்கும். மிக வடக்கே போகும் இடம் 73 பாகைக்கும் மேல். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிய இடம் அது.

சென்னையில் கிளம்பும்போது திசைகாட்டி காட்டுவது கிட்டத்தட்ட வடக்கு. மேற்கு நோக்கிய சாய்வு 17 பாகைதான்.

நேரடி விமானம் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன்?

இல்லை. குறைந்தது ஓர் இடத்தில் மாற வேண்டும்.

விமானத்தால் முடியாது என்பது காரணம் அல்ல. ஏர்பஸ் ஏ350-900, போயிங் 777-200எல்ஆர் போன்றவை 15,000 கி.மீ.க்கு மேல் நிற்காமல் பறக்கக்கூடியவை. சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் 15,300 கி.மீ.க்கு மேல் உள்ள தூரத்தை 18 மணி நேரத்துக்கும் அதிகமாகப் பறந்தே கடக்கிறது. இங்கே சிக்கல் இரண்டு. இவ்வளவு நீளத் தடத்துக்கு எரிபொருள் மட்டுமே பெரும் எடை. அந்தச் செலவை ஈடுகட்ட ஆண்டு முழுவதும் அதிகக் கட்டண இருக்கைகள் நிரம்ப வேண்டும். இந்தத் தடத்தில் பெரும்பாலோர் சிக்கன வகுப்பில், மே–ஜூன், டிசம்பர் மாதங்களில் மொத்தமாகப் போகிறவர்கள்.

இரண்டாவது, வான்வெளி. மேலே சொன்ன குறுக்கு வழி பாகிஸ்தான் மேலும் ரஷ்யா மேலும் போகிறது. 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து கனடிய, ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அந்தத் தடை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு வந்தது. ஆக, மிக நேரான கோட்டில் கனடிய விமானமும் போக முடியாது, இந்திய விமானமும் போக முடியாது.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

நல்ல இணைப்பு கிடைத்தால் வீட்டு வாசல் கணக்கு இல்லாமல், சென்னையில் புறப்பட்டு டொராண்டோவில் தரை தொடும் வரை 21 முதல் 24 மணி நேரம். வழிவாரியாகப் பார்த்தால்:

துபாய் வழி: சென்னை–துபாய் 2,930 கி.மீ., நாலேகால் மணி நேரம். துபாய்–டொராண்டோ 11,080 கி.மீ., சுமார் 14 மணி நேரம். தோஹா, அபுதாபி வழிகளும் ஏறத்தாழ இதே அளவுதான். முதல் தாவல் சிறியது, இரண்டாவது மிக நீளம். சென்னையில் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் புறப்பாடு.

லண்டன் வழி: சென்னை–லண்டன் 8,230 கி.மீ., 10 முதல் 11 மணி நேரம். லண்டன்–டொராண்டோ 5,700 கி.மீ., 8 மணி நேரம். மொத்தத் தூரம் 13,930 கி.மீ., நேர்கோட்டைவிட 4 விழுக்காடுதான் கூடுதல்.

பிராங்க்பர்ட் வழி: 7,590 கி.மீ. பிறகு 6,340 கி.மீ. நேரம் லண்டன் வழியைப் போலவே.

ஹாங்காங் வழி: மொத்தம் 16,260 கி.மீ. கிழக்கே போய்ப் பசிபிக்கைச் சுற்றுவது. பறக்கும் நேரம் மட்டுமே 20 மணிக்கு மேல். கட்டணம் கணிசமாகக் குறைந்தால் தவிர இதற்குக் காரணம் இல்லை.

முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஐரோப்பிய வழிதான். 14 மணி நேரம் ஒரே இருக்கையில் உட்காருவதைவிட, பத்தும் எட்டுமாகப் பிரிந்து, நடுவில் மூன்று மணி நேரம் நடக்கக் கிடைப்பது உடம்புக்கு நல்லது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு மாறாக வளைகுடா வழி தோதாக இருக்கிறது: நீண்ட இரண்டாம் தாவலில் குழந்தை ஒரு முழுத் தூக்கம் தூங்கிவிடும்.

டெல்லி வழி தூரம் குறைவுதானே?

கணக்குப்படி ஆம், வியக்கத்தக்க அளவுக்கு. சென்னை–டெல்லி 1,760, டெல்லி–டொராண்டோ 11,640, கூட்டினால் 13,400. டெல்லி கிட்டத்தட்ட அந்தக் குறுக்கு வழியின் மேலேயே இருக்கிறது.

ஆனால் பாகிஸ்தான் தடைக்குப் பிறகு இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்ற வேண்டியிருந்தது. வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கிப் போயின. கனடிய விமானமோ ரஷ்யாவைச் சுற்ற வேண்டும். அதனால் டெல்லி–டொராண்டோ 15 மணி நேரத்தையும் தாண்டும். டிக்கெட் போடும் முன் இரண்டாம் தாவலின் நேரத்தையும், நடுவில் ‘தொழில்நுட்ப நிறுத்தம்’ இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இந்த வழியில் வேறொன்றும் உண்டு. சென்னை–டெல்லி உள்நாட்டு விமானமாக இருந்தால் இமிகிரேஷன் டெல்லியில்தான் நடக்கும். அந்த வரிசைக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் சேர்த்து மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

போவதற்கும் வருவதற்கும் நேரம் ஏன் வேறுபடுகிறது?

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் எனும் வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. பல நாட்களில் மணிக்கு 150 கி.மீ.க்கு மேல், குளிர்காலத்தில் இன்னும் அதிகம். போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது தள்ளுகாற்று. துபாய்–டொராண்டோ 14 மணி என்றால் டொராண்டோ–துபாய் பன்னிரண்டரை மணி. லண்டனிலிருந்து 8, திரும்ப 7. ஆனாலும் ஊர் திரும்பும் பயணம் மொத்தத்தில் குறையும் என்று எண்ண வேண்டாம். திரும்பும் பக்கம் இணைப்புகள் நீளமாக அமைவது வழக்கம். 24, 25 மணி நேரம் சாதாரணம்.

நேர வித்தியாசம் எவ்வளவு? டிக்கெட்டைப் பார்த்துப் பயண நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள்.

டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். அதனால் கணக்கு இப்படி: சேரும் நேரத்தைச் சென்னை நேரமாக மாற்றிவிட்டுக் கழியுங்கள். ஜூலையில் சென்னை அதிகாலை 3.30 புறப்பாடு, டொராண்டோவில் அதே நாள் மாலை 4.00 சேர்வு என்று வைத்துக்கொள்வோம். மாலை 4.00 உடன் ஒன்பதரை கூட்டினால் சென்னையில் மறுநாள் அதிகாலை 1.30. அதிலிருந்து 3.30 கழித்தால் 22 மணி நேரம்.

திரும்பும்போது தேதி இரண்டு தாவும். 10ஆம் தேதி இரவு 9.50க்கு டொராண்டோவில் ஏறினால் சென்னையில் அப்போது 11ஆம் தேதி காலை 7.20. நீங்கள் 12ஆம் தேதி காலை 8.20க்கு இறங்கினால் பயணம் 25 மணி நேரம். அழைத்துப்போக வருகிறவர்களுக்குச் சேரும் தேதியை எழுதி அனுப்புங்கள். ‘நாளைக்கு வருகிறேன்’ என்று போனில் சொல்வது பிழைக்கு வழி.

விமானம் அதிகாலை 2.30 மணிக்கு. எந்த நாள் கிளம்ப வேண்டும்?

இந்தத் தடத்தில் விமானத்தைத் தவறவிடுவதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று, ஆகவே மெதுவாகப் படியுங்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி 2.30 என்று இருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி இரவு. 15ஆம் தேதி இரவு போனால் விமானம் ஏறத்தாழ ஒரு நாள் முன்பே போயிருக்கும்.

புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பு, அதாவது 11.30க்குச் சென்னைப் பன்னாட்டு முனையத்தில் இருக்க வேண்டும். கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். மெட்ரோ ரயில் இரவு 11 மணியளவில் நின்றுவிடுவதால், அதை நம்பி இருப்பவர்கள் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

இடையில் எத்தனை மணி நேர இடைவெளி சரி?

ஒரே டிக்கெட்டாக இருந்தால் இரண்டரை முதல் நான்கு மணி நேரம். இணையதளங்கள் 75 நிமிட, 90 நிமிட இணைப்பையும் விற்கும். அது விதிப்படி செல்லும், ஆனால் முதல் விமானம் அரை மணி நேரம் தாமதித்தால் ஓட வேண்டியிருக்கும். நீங்கள் ஓடிப் பிடித்தாலும் பெட்டி பிடிக்காது. லண்டன் ஹீத்ரோவில் ஒரு முனையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டுமானால் பஸ், மறுபடி பாதுகாப்புச் சோதனை என்று இரண்டு மணி நேரம் சுலபமாகக் கரையும்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி என்றால், விமான நிறுவனமே ஓட்டல் தருமா என்று டிக்கெட் வாங்கும் முன் கேளுங்கள். வாங்கிய பின் கேட்டால் பெரும்பாலும் பதில் வேறு.

இரண்டு டிக்கெட்டாக வாங்கினால் மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

சென்னை–டெல்லி ஒன்று, டெல்லி–டொராண்டோ தனியாக இன்னொன்று என்று வாங்குவது பலருக்கும் தோன்றும் யோசனை. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. காரணங்கள் தெளிவானவை.

இரண்டும் தனித்தனி ஒப்பந்தம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாம் நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராதவர். டிக்கெட் பணம் போகும், திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்தே ரத்தாகலாம். அடுத்தது எடை. கனடா தடத்தில் பல நிறுவனங்கள் தலா 23 கிலோவில் இரண்டு பெட்டி தருகின்றன. உள்நாட்டு விமானத்தில் வழக்கமான அளவு 15 கிலோ. மீதி 31 கிலோவுக்கு நீங்கள் கட்டும் பணத்தில் மிச்சம் பிடித்தது போய்விடும். பெட்டியையும் டெல்லியில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

ஒரே டிக்கெட்டா என்று சோதிக்கும் வழி: இரண்டு தாவலுக்கும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்), ஒரே டிக்கெட் எண்ணின் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக் கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக ‘ஒய்.ஒய்.இசட்.’ இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். இடை ஊரின் குறியீடு இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

இடையில் மாறும் நாட்டுக்கு விசா வேண்டுமா?

வளைகுடா நாடுகளில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் மாறுவதற்கு வேண்டாம். பிரிட்டன், ஐரோப்பிய நாடுகளில் இந்தியக் கடவுச்சீட்டுக்கு டிரான்சிட் விசா விதிகள் உண்டு. செல்லுபடியாகும் கனடா விசா வைத்திருந்து, நிலையத்துக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு விலக்கு இருக்கிறது. சிக்கல் திரும்பும் நாளில் வரும்: தங்கும் அனுமதி நீடிக்கப்பட்டிருக்கும், ஆனால் கடவுச்சீட்டில் உள்ள விசா முடிந்துபோயிருக்கும். அப்படிப்பட்டவர்கள் திரும்பும் டிக்கெட் போடும் முன் அந்த நாட்டின் அரசு இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்கா வழியாகப் போனால் அமெரிக்க விசா கட்டாயம். வெறும் மாற்றத்துக்கும் அங்கே இமிகிரேஷன் தாண்டியாக வேண்டும், பெட்டியையும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அம்மா அப்பா தனியாக வருகிறார்கள், ஆங்கிலம் பழக்கமில்லை. என்ன ஏற்பாடு செய்யலாம்?

சக்கர நாற்காலி உதவியைக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை. நீண்ட தூரம் நடக்க முடியாதவர்களுக்கும், படி ஏற முடியாதவர்களுக்கும் தனித்தனி வகைகள் உண்டு. உண்மை நிலையைச் சொல்லிப் பதியுங்கள். உதவியாளர் கேட்டுக்குக் கேட் கொண்டுபோய் விடுவார்.

சாப்பாடு விஷயத்தில் ஒரு பொதுவான தவறு: ‘இந்து உணவு’ என்று பதிந்தால் அசைவம் வரலாம். சைவம் வேண்டுமானால் ‘ஆசிய சைவ உணவு’, குறியீடு ஏ.வி.எம்.எல். 24 மணி நேரம் முன்பே பதிய வேண்டும். இரண்டு தாவலும் வெவ்வேறு நிறுவனம் என்றால் இரண்டிலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாத்திரைகள் எல்லாம் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. மேற்கே போகும்போது அந்த நாள் முப்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும். இன்சுலின் போடுகிறவர்கள் அந்த நாளுக்கான நேரத்தை மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் விமான எண்கள், டொராண்டோ முகவரி, பிள்ளையின் தொலைபேசி எண் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும், கணுக்காலைச் சுழற்றவும் சொல்லுங்கள். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து உண்மையானது.

எந்தப் பருவத்தில் தாமதம் அதிகம்?

சென்னைப் பக்கம் நவம்பர், டிசம்பர் மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 4 அன்று, ஓடுபாதையில் நீர் நின்று மறுபடி மூடப்பட்டது. அடுத்தது போகிப் பண்டிகைக் காலை: பனியோடு புகை சேர்ந்து பார்வைத் தூரம் குறைந்து, இறங்க வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்ட ஆண்டுகள் உண்டு. அன்று அதிகாலைப் பயணத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். டெல்லியில் டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை மூடுபனி.

டொராண்டோவில் டிசம்பர் முதல் மார்ச் வரை பனிப்பொழிவு. புறப்படும் முன் இறக்கையில் படிந்த பனியைச் சூடான கிளைகால் கரைசல் தெளித்து அகற்றுவார்கள். வரிசையைப் பொறுத்து அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். இறக்கையில் மெல்லிய பனிப் படலம் இருந்தாலே தூக்குவிசை குறையும் என்பதால் இதை அவசரப்படுத்த முடியாது.

வான்வெளி மூடல் எப்போது வேண்டுமானாலும் வரும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் மூடியபோது தோஹா வழி இணைப்புகள் நாள்கணக்கில் குலைந்தன.

இணைப்பைத் தவறவிட்டால் என்ன உரிமை இருக்கிறது?

ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் கூடுதல் பணம் இல்லாமல் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. நேராக ‘டிரான்ஸ்பர்’ கவுன்டருக்குப் போங்கள், வெளியேறும் வாசலுக்கு அல்ல.

கனடாவுக்கு வரும், கனடாவிலிருந்து போகும் விமானங்களுக்குக் கனடாவின் பயணியர் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள, பாதுகாப்பு சாராத காரணத்தால் தாமதம் என்றால், பெரிய நிறுவனங்கள் 3 முதல் 6 மணி நேரத்துக்கு 400 கனடிய டாலர், 6 முதல் 9 வரை 700, அதற்கு மேல் 1,000 தர வேண்டும். ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். வானிலைக்கும் வான்வெளி மூடலுக்கும் இது கிடையாது. தாமதக் காரணத்தை அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

இறங்கியபின் வெளியே வர எவ்வளவு நேரம்?

ஒன்று முதல் இரண்டு மணி நேரம். இறங்குவதற்கு 72 மணி நேரத்துக்குள் அரைவ்கேன் செயலியில் சுங்க அறிவிப்பை முன்கூட்டியே நிரப்பலாம், கட்டாயம் இல்லை. முதல் முறை மாணவர் அனுமதி வாங்குகிறவர்களுக்குத் தனி வரிசை, அதற்கு இன்னும் நேரம் வேண்டும். உணவுப் பொருள் எது இருந்தாலும் ‘ஆம்’ என்று அறிவியுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் பொருள் போகும், மறைத்தால் அபராதம்.

பியர்சன் நிலையம் இருப்பது மிசிசாகாவில். முதல் முனையத்திலிருந்து யூனியன் ரயில் நிலையத்துக்கு யூ.பி. எக்ஸ்பிரஸ் 25 நிமிடம். மூன்றாம் முனையத்தில் இறங்கினால் இலவச இணைப்பு ரயிலில் முதலுக்கு வரலாம். தமிழர் அதிகம் வாழும் ஸ்கார்பரோ, டொராண்டோ நகரின் மறுகோடியில் இருக்கிறது. 401 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாதபோது அரை மணி நேரம், மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும்.

கொழும்பிலிருந்து போனால்?

குறுகிய பாதை ஏறத்தாழ 14,000 கி.மீ., சென்னையைவிட 600 கி.மீ. கூடுதல். நேர வித்தியாசம் சென்னைக்கு உள்ளதேதான். வளைகுடா வழிக் கணக்கு அப்படியே பொருந்தும்.

உடம்பு பழக எத்தனை நாள்?

ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று உடல் கடிகாரம் நகரும். ஆக ஒரு வாரம் முதல் பத்து நாள். டொராண்டோ போனவுடன் மாலை ஏழு மணிக்கே கண் சொருகும், அதிகாலை மூன்றுக்கு விழிப்பு வரும். இரவு ஒன்பது வரை எப்படியாவது விழித்திருங்கள், பிற்பகல் வெளிச்சத்தில் வெளியே நடங்கள். கிழக்கே திரும்பும்போதுதான் பழகக் கடினம். சென்னை வந்த மறுநாளே கல்யாண வேலை, நீண்ட கார் ஓட்டம் வைத்துக்கொள்ளாமல், நடுவில் இரண்டு நாளாவது விட்டுத் தேதி குறியுங்கள்.